பாட்ஸ்ஃபோர்ட் போய்விட்டார், மச்சான்

விம்பிள்டன்
08.01.2010

அன்புள்ள மச்சானுக்கு,

  இந்தக் கிழமை முழுக்கப் பனி கொட்டி றோட்டெல்லாம் உறைந்து கிடக்கிறது. பள்ளிக்கூடங்கள் பூட்டு, பஸ் ஒழுங்காய் இல்லை, சனிக்கிழமைப் பந்தடியும் பெரும்பாலும் ஒத்திவைப்பு. வெளிக்கிட வழியில்லாததால் எழுத இருந்துவிட்டேன்.

விம்பிள்டன் பந்தடிக் கழகத்தின் பழைய மனேஜர் அலன் பாட்ஸ்ஃபோர்ட் காலமாகிவிட்டார். நத்தார் கழிந்து மூன்றாம் நாள், டிசம்பர் 28. வயது 77. உனக்குப் போனில் சொல்லலாம் என்றுதான் முதலில் எடுத்தேன். தங்கச்சி எடுத்து மகளின் கலியாணப் பேச்சைத் தொடங்கிவிட்டாள்; போன் கார்ட்டில் இருந்த காசு அதிலேயே முடிந்தது. அதோடு, போனில் சாவுச் செய்தி சொன்னால் நீ "ஓ" என்றுவிட்டுப் பேசாமல் இருப்பாய். எனக்கோ இந்த மனுசனைப் பற்றிக் கதைக்க வேண்டும்போல இருக்கிறது. இங்கே யாரிடம் கதைக்க? மகனுக்கு விம்பிள்டன் என்றால் அவன் பிறந்த பிறகு நடந்ததுதான்.

பெயரை நீ மறந்திருக்க மாட்டாய். 1975இல் நான் உனக்கு எழுதிய நீல ஏரோகிராம்களில் பாதி இடத்தை அடைத்தவர். "படிக்கப் போனாயா, பாட்ஸ்ஃபோர்டுக்குக் கணக்கெழுதப் போனாயா?" என்று நீ திருப்பி எழுதினாய். ஐயா அதை வாசித்துவிட்டு எனக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டது வேறு கதை.

அப்போது ஹேய்டன்ஸ் றோட்டுப் பக்கம் அறையெடுத்து இருந்தேன். பகலில் எக்கவுண்டன்சி வகுப்பு, இரவில் பெற்றோல் ஷெட். நடந்துபோகிற தூரத்தில் பிளவ் லேன் மைதானம். விம்பிள்டன் என்றால் ஊரில் எல்லோருக்கும் டென்னிஸ்தானே ஞாபகம் வரும். டென்னிஸ் நடக்கிறது மேட்டுப் பக்கம், பணக்காரருடைய பக்கம். பிளவ் லேன் பள்ளத்தில், நாய் ஓட்டப் பந்தய மைதானத்துக்கு எதிர்ப்புறம், வாண்டில் ஆறு சேறாய் ஓடுகிற பக்கம். தகரக் கூரை, சிமெந்துப் படி, மழை பெய்தால் கோல் வாசலில் தண்ணீர் நிற்கும். நான் முதல் போனபோது விம்பிள்டன் லீக்குக்குள் இல்லாத கழகம்.

லீக்குக்குள் இல்லை என்றால் என்ன என்று அப்போது உனக்கு விளக்கி எழுதியிருந்தேன். நீ பந்தடி பழக்குகிற பெடியங்களுக்குச் சொல்ல உதவும் என்பதால் திரும்ப எழுதுகிறேன். இங்கிலாந்தில் நாலு பிரிவுகளிலும் சேர்த்து 92 கழகங்கள். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான கழகங்கள் வட்டார லீக்குகளில் விளையாடும். விம்பிள்டன் விளையாடியது தெற்கு லீக்கில். ஆட்டக்காரர் எல்லோரும் பகலில் வேறு வேலை செய்கிறவர்கள். கோலி டிக்கி கை துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் கிளார்க். வேலை முடிந்து வந்து, கிழமையில் ஓரிரு இரவு பழகி, சனிக்கிழமை விளையாட வேண்டும். அப்படியான பதினொரு பேரை வைத்துக்கொண்டு அணி தெரிவது, பழக்குவது, எதிரணியைப் போய்ப் பார்த்துவருவது, ஆள் பிடிப்பது, ஆள் விடுவது எல்லாம் மனேஜர் என்ற ஒருவருடைய தலையில். ஊரில் நீ செய்கிறது இதைத்தான். உனக்கு அந்தப் பெயரை யாரும் சூட்டவில்லை, அவ்வளவுதான்.

பாட்ஸ்ஃபோர்ட் பிளவ் லேனுக்கு வந்தது 1974 கோடையில். கழகத்தின் கையில் காசில்லை. அவர் வரும்போது வெறுங்கையோடு வரவில்லை. தேம்ஸ் கரையிலுள்ள வோல்ட்டன் அண்ட் ஹெர்ஷம் என்ற சின்னக் கழகத்தில் தான் வளர்த்த ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். டேவ் பாசெட், றொஜர் கொனெல், பில்லி எட்வர்ட்ஸ், டேவ் டொனால்ட்சன், கீரன் சோமர்ஸ். அந்த வோல்ட்டன் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1973இல் வெம்ப்ளியில் அமெச்சூர் கிண்ண இறுதிப்போட்டியில் ஸ்லவ் டவுனை 1-0 என்று வென்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் எஃப்.ஏ. கிண்ணத்தின் முதற்சுற்று. எதிரணி பிறைற்றன். பிறைற்றனுக்கு அந்த மாதம்தான் பிறையன் க்ளவ் மனேஜராய் வந்திருந்தார். டார்பியை முழு இங்கிலாந்துக்கும் சம்பியனாக்கிவிட்டு வந்த மனுசன், வாயில் பெரியவர், வேலையிலும் பெரியவர். சொந்த மைதானத்தில் வோல்ட்டன் கோலில்லாமல் சமன் செய்தது. மறுபோட்டிக்குப் பிறைற்றனுக்கே போய் 4-0 என்று அடித்தார்கள். ஒரு சதம் சம்பளம் வாங்காத அமெச்சூர் ஆட்கள்! மூன்று நாளில் பிறிஸ்டல் றோவர்ஸ் அதே மைதானத்தில் வந்து எட்டுக் கோல் போட்டதைப் பார்த்தால் பிறைற்றன் அப்போது நல்லாய் இருக்கவில்லை என்பதும் உண்மை. இருந்தாலும் நாலு என்பது நாலுதான்.

க்ளவ் அடுத்த கோடையில் லீட்ஸுக்குப் போய் 44 நாளில் வெளியே அனுப்பப்பட்டார். அந்த லீட்ஸ்தான் அடுத்த தைமாதம் பாட்ஸ்ஃபோர்ட் கையில் வந்து மாட்டப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

1974-75 கிண்ணப் போட்டியில் விம்பிள்டன் தகுதிகாண் சுற்றுகளிலிருந்தே விளையாடி மேலே வந்தது. பாத், கெற்றரிங் இரண்டையும் தாண்டி மூன்றாம் சுற்றில் பேர்ன்லி. முதலாம் பிரிவுக் கழகம், அதுவும் அவர்களுடைய மைதானத்தில். ஜனவரி 4. இரண்டாம் பாதி தொடங்கிய கையோடு மிக் மான் ஒரு கோல். மிச்ச நேரம் முழுக்கக் கோல் வாசலைக் கட்டிக் காத்தார்கள். 1-0. லீக்குக்கு வெளியேயுள்ள ஒரு கழகம் முதலாம் பிரிவு அணியை அதன் சொந்த வீட்டில் தோற்கடித்து அப்போது ஐம்பது வருசத்துக்கு மேல்.

அடுத்தது எல்லண்ட் றோட். லீட்ஸ் அப்போது நடப்புச் சம்பியன். அந்த வருசம் ஐரோப்பியக் கிண்ண இறுதிப்போட்டி வரை போன அணி. பிறெம்னர், கைல்ஸ், எடி கிறே, லோறிமர் என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படம் வெட்டி ஒட்டிய ஆட்கள். ஜனவரி 25, சனிக்கிழமை. நான் பெற்றோல் ஷெட்டில். சின்ன ட்ரான்சிஸ்டரைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். பெற்றோல் அடிக்க வந்தவர்களும் காசைத் தந்துவிட்டுப் போகாமல் நின்று கேட்டார்கள். பின்னுக்கு நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடிக்காமல் தானும் இறங்கி வந்தான். அந்த வருசங்களில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற நிறவெறிக் கட்சி ஊர்வலம் போகிற றோட்டுகளில் நாங்கள் தனிய நடக்கமாட்டோம். அன்றைக்கு அந்தக் கண்ணாடி அறைக்குள் என் தோளில் கை போட்டு நின்றவன் யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கோல் இல்லை. முடிய எட்டு நிமிடமளவில் இருக்க, பாசெட் எடி கிறேயை விழுத்திவிட்டார். பெனால்ரி. உதைக்க வந்தது பீற்றர் லோறிமர். இங்கிலாந்திலேயே பலமாய் உதைக்கிறவர் என்று பெயர் எடுத்தவர். நீ கோலியாய் நின்றவன், உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. துறைமுகக் கிளார்க் அதைப் பிடித்துவிட்டார். 0-0.

இந்தக் கதையை எழுதியபோது நீ கேட்டது இன்னும் ஞாபகம்: "டிக்கி கை எந்தப் பக்கம் பாய்ந்தார், முதலே பாய்ந்தாரா, பந்தைப் பார்த்துப் பாய்ந்தாரா?" வானொலியில் கேட்டவனிடம் கேட்கிற கேள்வியா அது!

மறுபோட்டிக்குப் பிளவ் லேனில் இடம் காணாது. செல்ஹர்ஸ்ட் பார்க்கில் பெப்ரவரி 10, திங்கட்கிழமை. 45,000 பேருக்கு மேல். அதற்கு நான் போனேன். நிற்கிற இடத்தில் என்னைத் தவிர எங்கள் நிறத்தில் யாரையும் காணவில்லை. பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் ஃபிளாஸ்க்கிலிருந்து ஒரு கோப்பை சூடாய் ஊற்றித் தந்தார். போவ்றில் என்று பெயர். மாட்டிறைச்சிச் சாறு. குளிருக்கு அமிர்தம்போல இருந்தது. அம்மா உயிரோடிருந்தால் இதை எழுதமாட்டேன். தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டாதே.

கைல்ஸ் தூரத்திலிருந்து அடித்த பந்து பாசெட்டில் பட்டுத் திரும்பி உள்ளே போனது. 1-0. அவ்வளவுதான். பெனால்ரி கொடுத்ததும் பாசெட், கோல் தட்டியதும் பாசெட். ஊரில் என்றால் அடுத்த நாளே "உவனை வெளியில் போடு" என்று சனம் மதிலில் எழுதியிருக்கும். பாட்ஸ்ஃபோர்ட் அவரை விடவில்லை. அதற்குப் பிறகு வந்த பட்டங்களிலும் பாசெட் நடுவில் நின்றார். இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

இப்போது இங்கே எழுதப்படுகிற நினைவுக் குறிப்புகள் எல்லாம் பேர்ன்லியும் லீட்ஸும்தான். எனக்கு அதில் கொஞ்சம் கோபம். பெரிய அணியை ஒருநாள் மடக்குவது பெரிய விசயம்தான், ஒப்புக்கொள்கிறேன். மழை, சேறு, ஒரு கோலியின் நல்ல நாள் கூடிவந்தால் யாருக்கும் வாய்க்கும். ஆனால் தெற்கு லீக்கை 1975, 1976, 1977 என்று அடுத்தடுத்து மூன்று முறை வெல்வதற்கு அதிர்ஷ்டம் துணை வராது. செவ்வாய்க்கிழமை இரவு, காற்றில் பந்து ஒரு பக்கமாய்ப் போகிற ஏதோ ஒரு மைதானத்தில், சில நூறு பேர் பார்க்க, பகல் முழுக்க வேலை செய்த கால்களோடு 1-0 என்று வென்றுவிட்டுத் திரும்புவது. அப்படியான இரவுகளில்தான் அந்த மனுசனின் வேலை தெரியும். கோணர் உதை வந்தால் ஒவ்வொருவனுக்கும் நிற்கிற இடம் தெரியும். பந்து பறிபோனால் கையைத் தூக்கி மத்தியஸ்தரைப் பார்க்காமல் திரும்பி ஓடுவார்கள். வடிவான ஆட்டம் என்று சொல்லமாட்டேன். சில சனிக்கிழமைகளில் பார்க்கவே அலுப்பாயிருக்கும். பந்தை முன்னுக்கு அடி, துரத்து, அழுத்து, கோணர் எடு, தலையால் முட்டு. என் அறைத் தோழன், கொழும்பில் விளையாடிய ஆள், ஒரு ஆட்டம் பார்த்துவிட்டு "இது பந்தடியா, மூட்டை தூக்குகிற வேலையா?" என்று கேட்டான். பிறகு வரவில்லை.

மூன்று முறை ஏன் வெல்லவேண்டியிருந்தது என்பதைத்தான் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு விளங்கவைக்க முடியவில்லை. இன்றைக்குக் கீழ் லீக்கில் முதலாவதாய் வந்தால் மேலே ஏறலாம். அந்த விதி வந்ததே 1987இல். அதற்கு முதல், நாலாம் பிரிவின் கடைசி நாலு கழகங்களும் வெளியிலிருந்து விண்ணப்பிக்கிற கழகங்களும் ஆண்டுக் கூட்டத்தில் வாக்குக் கேட்கவேண்டும். வாக்களிப்பது உள்ளே இருக்கிற கழகங்கள். எங்கள் கோயில் திருவிழா உபயத்தை நினைத்துப்பார்: ஐந்தாம் திருவிழா இன்ன குடும்பத்துக்கு என்றால் அந்தக் குடும்பம் நொடிந்துபோனாலும் ஐந்தாம் திருவிழா அவர்களுக்குத்தான், வெளியாள் எவ்வளவு காசோடு வந்து நின்றாலும் மணியகாரர் சிரித்துப்பேசி அனுப்பிவிடுவார். லீக்கும் அப்படி. கடைசியாய் வந்தவர்களையே வருசா வருசம் திரும்ப எடுப்பார்கள். அந்தக் கதவைத் தட்ட ஒரு பட்டம் காணாது, இரண்டும் காணவில்லை. 1977 ஜனவரியில் ஜக் சால்ற்றனின் மிடில்ஸ்பறோவையும் பிளவ் லேனில் கோலில்லாமல் மறித்தார்கள். மறுபோட்டியில் ஒரு கோலால் தோற்றார்கள். பிறகு மூன்றாம் பட்டம். கழகத் தலைவர் றொன் நோட்ஸ் கழகம் கழகமாய்ப் போய் ஆள் பிடித்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கோடையில் வேர்க்கிங்டனை வெளியே விட்டு விம்பிள்டனை உள்ளே எடுத்தார்கள்.

1977 ஓகஸ்ட் 20, பிளவ் லேனில் முதல் லீக் போட்டி. ஹலிஃபக்ஸோடு 3-3. அங்கே நின்ற கிழவர்களில் சிலர் அழுதார்கள். வெள்ளைக்காரர் அழுவதை நான் முதல் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த தைமாதம் பாட்ஸ்ஃபோர்ட் விலகிவிட்டார். தலைவரோடு ஒத்துவரவில்லை, காசு விசயம் என்றார்கள். நாலாம் பிரிவில் அணி தடுமாறிக்கொண்டிருந்தது. அவருக்குக் கீழே வேலை செய்த டாரியோ கிறாடி பொறுப்பெடுத்தார். மூன்று வருசம் வாசலில் நின்று தட்டித் திறப்பித்தவர், உள்ளே ஆறு மாதம்கூட முழுதாய் இருக்கவில்லை. நான் அன்றைக்கு உனக்கு எழுதிய கடிதம் ஞாபகமிருக்கிறதா? நிறையத் திட்டி எழுதியிருந்தேன். இப்போது யோசித்தால், அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? கணக்காளன் வேலை செய்து ஓய்ந்தபிறகு தலைவர்மாரின் பக்கமும் கொஞ்சம் விளங்குகிறது. காசில்லாத கழகத்தில் காசைப் பற்றித்தானே சண்டை வரும்.

அவர் திரும்ப லீக்குக்கு வெளியேயுள்ள கழகங்களுக்கே போனார். வீல்ட்ஸ்டனை நடத்தினார். பெரிய கழகம் எதுவும் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் விளங்காத விசயம். அந்தக் காலத்தில் லீக்கில் விளையாடாதவனை லீக்கில் மனேஜராய் நம்பமாட்டார்கள் என்பது ஒரு காரணமாயிருக்கும்.

மிச்சக் கதை உனக்குத் தெரியும். கிறாடி போனபின் 1981இல் மனேஜராய் வந்தது யார்? அந்தப் பாசெட். நாலாம் பிரிவிலிருந்து 1986இல் முதலாம் பிரிவுக்கு ஏற்றிவிட்டார். பந்தை முன்னுக்கு அடி, துரத்து, அழுத்து என்று அவர் விளையாடவைத்ததை எல்லாப் பத்திரிகையும் ஏதோ புது வியாதி வந்ததுபோல எழுதியது. எங்களுக்குப் புதிதில்லை. வோல்ட்டனிலும் விம்பிள்டனிலும் பாட்ஸ்ஃபோர்டின் கீழ் அத்தனை வருசம் நின்றவன் வேறு எங்கே படித்திருப்பான்? 1988 மே 14, வெம்ப்ளி, லிவர்பூல். அப்போது பாசெட் போய் பொபி கூல்ட் மனேஜர். சஞ்செஸ் தலையால் ஒரு கோல். டேவ் பீசன்ற் அல்ட்றிஜின் பெனால்ரியைத் தடுத்தார். வெம்ப்ளிக் கிண்ண இறுதிப்போட்டியில் ஒரு பெனால்ரி தடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. ஊரில் இந்திய இராணுவம் நின்ற காலம். எழுதினால் கடிதம் வந்து சேருமோ என்றே தெரியாது. அந்த மாலை எனக்கு அதைச் சொல்ல ஆளில்லை. ரி.வி.க்கு முன்னால் இருந்து டிக்கி கையை நினைத்துக்கொண்டேன்.

பிறகு எல்லாம் கெட்டகாலம். 1991இல் பிளவ் லேனை விட்டுவிட்டு செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஒட்டுக்குடியிருந்தார்கள். 2002இல் கழகத்தையே மில்ரன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி கொடுத்துவிட்டார்கள், அறுபது மைலுக்கு அங்கால். ஊரைவிட்டு ஊர் போவது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஆட்கள் இருந்த இடத்திலேயே இருக்க, கழகம் பெயர்ந்து போனது. சனம் சேர்ந்து ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதுக்கழகம் தொடங்கி, பொதுவெளிப் புல்லில் ஆள் தெரிவு வைத்து, அடிமட்ட லீக்கிலிருந்து ஏறத் தொடங்கினார்கள். இந்தப் பருவம் கொன்ஃபரன்ஸ் லீக்குக்கு வந்துவிட்டார்கள். இன்னும் ஒரு படி ஏறினால் திரும்ப 92க்குள். அதற்குக் கௌரவத் தலைவர் யார் தெரியுமா? டிக்கி கை. நானும் மகனும் கிங்ஸ்டன் பக்கம் கிங்ஸ்மெடோவுக்குப் போய்ப் பார்ப்போம். முப்பத்தைந்து வருசத்துக்குப் பிறகு விம்பிள்டன் பாட்ஸ்ஃபோர்ட் கையில் எடுத்த அதே இடத்தில், லீக் வாசலில் நிற்கிறது. அவர் அதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

பழைய மைதானத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். 1963 அமெச்சூர் கிண்ண இறுதியில் தலையாலேயே நாலு கோல் போட்ட எடி றெனோல்ட்ஸின் பெயர் முழு வளவுக்கும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒவ்வொரு பெயர்: பாசெட் ஹவுஸ், பாட்ஸ்ஃபோர்ட் ஹவுஸ் என்று. எஃப்ரா றோட்டுப் பிள்ளையார் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் வருகிற எங்கட சனத்தில் எத்தனை பேர் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டிப் போகிறார்கள்! வீட்டு விலை கேட்கும்போது மட்டும் பெயர் வாயில் வரும். போன கிழமை கோயிலில் ஒருவரிடம் பாட்ஸ்ஃபோர்ட் செத்துப்போனார் என்றேன். "எந்த ஃபிளாட்டில் இருந்தவர்?" என்றார்.

இனி உன் விசயம். பெடியங்கள் ஏழு கோல் வாங்கினார்கள், முதுகுக்குப் பின்னால் சனம் சிரிக்கிறது, விட்டுவிடலாமோ என்று யோசிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். நான் அங்கே இல்லாதவன், லண்டனில் ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு புத்தி சொல்லக்கூடாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஏழில் எத்தனை கோணரிலிருந்து வந்தது? எண்ணிப் பார்த்தாயா? பள்ளிக்கூடத்தில் எங்கள் மாஸ்டர் எங்களுக்கு ஓடத்தான் பழக்கினார், நிற்கப் பழக்கவில்லை. நீ கோலியாய் நின்று எங்கள் எல்லோருக்கும் பின்னாலிருந்து கத்திக்கொண்டிருப்பாய், ஒருவனும் கேட்கமாட்டான். இப்போது உன்னுடைய பெடியங்கள் கேட்பார்கள். கோணரில் யார் எங்கே நிற்பது என்பதை மட்டும் ஒரு மாதம் பழக்கிப்பார். பந்து பழக்கத்தை விட அது சலிப்பாயிருக்கும். ஆனால் அடுத்தமுறை ஏழு மூன்றாகும். மூன்று கோல் வாங்கித் தோற்ற அணியைப் பார்த்து ஊர் இவ்வளவு சிரிக்காது.

தன் கோலுக்குள் பந்தைத் தட்டிய அந்தச் சின்னப் பெடியனை நிற்பாட்டிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். ஏன்? இவ்வளவு நேரம் பாசெட் கதையை யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்? அவனைக் கூப்பிடு. நீ கூப்பிடாவிட்டால் நான் தங்கச்சியிடம் சொல்லிக் கூப்பிடுவிப்பேன்.

மாசிமாதம் இங்கிருந்து என் கூட்டாளி ஒருவர் ஊருக்கு வருகிறார். கோலிக் கையுறை இரண்டு சோடி, ஊசியோடு காற்றடிக்கிற பம்ப், வலை ஒன்று அவரிடம் கொடுத்துவிடுகிறேன். பந்து இங்கிருந்து தேவையில்லை, கொழும்பில் எடு, காசு போடுகிறேன். பூட்ஸ் வாங்கத்தான் அளவு வேண்டும். நீ போனமுறை எழுதிய இலக்கங்கள் ஒன்றும் இங்கத்தை அளவுக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொருவனையும் ஒரு தாளில் காலை வைக்கச்சொல்லிச் சுற்றிப் பென்சிலால் கீறி, மேலே பெயரையும் வயதையும் எழுதி அனுப்பு. வளர்கிற வயது, ஆகவே ஒரு விரல் கூட்டி வாங்குகிறேன். மருமகளின் கலியாணத்துக்கு மாமி கேட்ட சேலையும் அதே பொதியில் வரும்; பூட்ஸோடு சேர்த்துக் கட்டவேண்டாம் என்று என் மனுசி நிற்கிறாள், பார்ப்போம்.

போன ஞாயிறு லீட்ஸ் ஓல்ட் ட்ரஃபோர்டில் போய் மான்செஸ்டர் யுனைற்றெட்டை 1-0 என்று கிண்ணத்தில் வெளியே தள்ளிவிட்டது, கேள்விப்பட்டாயோ? லீட்ஸ் இப்போது மூன்றாம் பிரிவு. பேர்ன்லியில் விம்பிள்டன் செய்ததை இப்போது அவர்கள் வேறொரு வீட்டில் செய்கிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெரியவனைச் சின்னவன் அடித்தான் என்று ஊரெல்லாம் கதை. லீட்ஸைச் சின்னவன் என்று சொல்லக் கேட்க நான் உயிரோடிருந்திருக்கிறேன்!

உடம்பைப் பார்த்துக்கொள். மருந்தை விடாதே. கடிதம் கிடைத்ததும் ஒரு மிஸ்ட் கால் போடு, நான் எடுக்கிறேன். தங்கச்சியிடம் போனைக் கொடுக்காமல் முதலில் நீ கதை.

இப்படிக்கு,
அன்புடன்
மச்சான்